பஸ்ஸில் போய்ப் பார்த்த மண்டபங்கள்

“பொது விசாரணைக்கு இரண்டு வாரம் ஒரு ஹால் பார்த்துவிடு, பெரிய வேலை ஒன்றுமில்லை” என்றார் மேலாளர். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நடுத்தர ஊர். அந்த ஊர் கவுன்சிலின் போக்குவரத்துப் பிரிவில் நான் சேர்ந்து மூன்றாவது வருடம். வரைபடமும் வாகனக் கணக்கெடுப்புமாக உட்கார்ந்திருந்தவனுக்கு ஹால் தேடுவது ஓய்வு மாதிரிதான் தோன்றியது. ஊரில் அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்த அனுபவம் வேறு கையில் இருந்தது. சாப்பாட்டுக் கூடம், பார்க்கிங், ஜெனரேட்டர், முடிந்தது கதை என்று நினைத்தேன். ஆனால் கல்யாண மண்டபம் தேடும்போது இரண்டு வீட்டாரும் சம்மதித்திருப்பார்கள். இங்கே இரண்டு வீட்டாரும் சண்டையில் இருந்தார்கள்.

திட்டம் சின்னதுதான். ஒரு பழைய சாலையை அகலப்படுத்தி பஸ்களுக்குத் தனித் தடம் போடுவது, இரண்டு சந்திப்புகளை மாற்றுவது. அதற்காகச் சில வீடுகளின் முன்தோட்டத்தில் ஒரு கீற்று, சில கடைகளின் முன்வாசல், ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்தத்தில் ஒரு மூலை, இவற்றைக் கட்டாய நில எடுப்பு ஆணை மூலம் எடுக்க வேண்டும். நிலம் இழப்பவர் ஆட்சேபித்து, அதைத் திரும்பப் பெறவில்லை என்றால், பெரும்பாலும் பொது விசாரணைதான். போக்குவரத்து அமைச்சர் சார்பில் ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. பிரிஸ்டலில் தலைமையகம் உள்ள திட்டமிடல் ஆய்வகம் அனுப்புகிறவர். அவர் இரண்டு தரப்பையும் கேட்பார், குறுக்கு விசாரணை நடக்கும், இடத்தைப் போய்ப் பார்ப்பார், அறிக்கை எழுதுவார், அமைச்சர் முடிவு சொல்வார். சாலைக்கு 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். டிராம், ரயில் என்றால் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. எதுவானாலும் உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டும். நாள், நேரம், இடம் மூன்றையும் குறிப்பது காகிதத்தில் அமைச்சகம். இடத்தைத் தேடி, வாடகை கொடுத்து, நாற்காலி போடுவது திட்டத்தைக் கொண்டுவரும் நாங்கள்.

சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. வழக்கில் ஒரு தரப்பாக இருக்கிறவன்தான் நீதிமன்றத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறான்.

எனக்கு முதலில் தோன்றியது எங்கள் கவுன்சிலின் சொந்தக் கூட்ட அரங்கம். வாடகை இல்லை, மைக் இருக்கிறது, ஊர் நடுவில் இருக்கிறது. புரோகிராம் ஆபீசரிடம் பெருமையாகச் சொன்னேன். இந்தப் புரோகிராம் ஆபீசர் என்பவர் விசாரணையின் நிர்வாகத்தைப் பார்ப்பவர். சம்பளம் எங்களுடையதுதான், ஆனால் கேட்பது இன்ஸ்பெக்டர் சொல்வதை மட்டுமே. எங்களுக்கு வந்தது ஓய்வுபெற்ற ஓர் அம்மா. பல விசாரணைகளைப் பார்த்தவர். அவர் என்னை அந்த அரங்கத்துக்கே கூட்டிக்கொண்டு போய், பொதுமக்கள் உட்காரும் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்.

“இங்கிருந்து என்ன தெரிகிறது?”

தலைவர் இருக்கைக்கு மேலே கவுன்சிலின் சின்னம், தங்க முலாமில். சுவர் முழுக்கப் பழைய மேயர்களின் படங்கள். இன்ஸ்பெக்டர் அந்தச் சின்னத்துக்குக் கீழே உட்கார்ந்தால், தோட்டத்தை இழக்கப்போகிறவர் என்ன நினைப்பார்? பஞ்சாயத்து ஆலமரத்தடியில்தான் நடக்க வேண்டும், பண்ணையார் வீட்டுத் திண்ணையில் இல்லை. அந்த அம்மாவிடம் இதை என்னால் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் சொன்னது இதுதான் என்று உடனே பிடிபட்டது. 1957இல் அரசு அமைத்த ஃப்ராங்க்ஸ் குழு இந்த மாதிரி விசாரணைகளுக்கு மூன்று குணம் வேண்டும் என்றது: ஒளிவுமறைவின்மை, நியாயம், நடுநிலை. புரோகிராம் ஆபீசர் அதை மந்திரம் மாதிரி சொல்வார். சொல்லிவிட்டு, “இந்த மூன்றையும் வாசல்படியிலேயே தொலைத்துவிடலாம்” என்றும் சேர்த்துக்கொள்வார்.

சரி என்று அடுத்ததாக ஒரு ஹோட்டலுக்குப் போனேன். மோட்டார்வே பிரியும் இடத்தில், தரை விரிப்பும் ஏசியும் காபி மெஷினுமாக மாநாட்டு அறை. இருநூறு கார் நிறுத்தலாம். எங்கள் பாரிஸ்டர் லண்டனிலிருந்து வந்தால் மாடியிலேயே தங்கிக்கொள்ளலாம். விலை பேசி முடித்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். புரோகிராம் ஆபீசர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பஸ்ஸில் எப்படி வருவார்கள்?”

பஸ் தடத்துக்காக நடக்கும் விசாரணை. நான் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, திட்டச் சாலையின் கடைசி நிறுத்தத்திலிருந்து அந்த ஹோட்டலுக்குப் பஸ்ஸில் கிளம்பினேன். ஒரு பஸ், நகர மையத்தில் இறங்கிக் காத்திருந்து இன்னொரு பஸ், அப்புறம் இரட்டைவழிச் சாலையின் ஓரமாகக் கால் மணி நேர நடை. ஓரிடத்தில் நடைபாதையே முடிந்துபோய் புல் தொடங்கியது. நவம்பர் ஈரத்தில் ஷூ சேறாகி, பத்து இருபதுக்கு வரவேற்பறையில் போய் நின்றேன். விசாரணை பத்து மணிக்குத் தொடங்கும். திரும்பும்போது மணிக்கு ஒரு பஸ்தான்; ஐந்தேகாலுக்குப் போய்விட்டால் அடுத்தது ஆறேகால். ஹோட்டலுக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன்.

அந்தக் காலையிலிருந்து இன்றுவரை என் முதல் சோதனை இதுதான். திட்டத்தால் பாதிக்கப்படும் தெருவிலிருந்து, விசாரணை தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி, அதே கிழமையில், அவர்கள் போவது மாதிரியே போய்ப் பார்ப்பது. மாலையில் திரும்பியும் பார்ப்பது. நிலப்படத்தில் ஒன்றரை மைல் என்று அளப்பதில் ஒன்றும் தெரியாது.

பெரிய விசாரணைகளுக்கு ஹோட்டல் பிடித்ததும் உண்டு. ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையத்துக்கான விசாரணை 1995 மே மாதம் தொடங்கி 1999 மார்ச் வரை நடந்தது. ஐந்நூறு நாளுக்கும் மேல் உட்கார்ந்தார்கள், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில். அவ்வளவு காகிதத்தை, அவ்வளவு வக்கீல்களை வருடக்கணக்கில் தாங்கும் கட்டடம் எத்தனை இருக்கும்? அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அணுமின் நிலையம் என்றாலும் சைஸ்வெல் பி விசாரணையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1983இலிருந்து 85 வரை, 340 நாள், ஸ்னேப் மால்டிங்ஸ் என்ற புகழ்பெற்ற இசை அரங்கில். கச்சேரிக்கு வடிவமைத்த இடத்தில் அணு உலைக் கொதிகலனைப் பற்றிய குறுக்கு விசாரணை.

இவற்றுக்கு நேர்மாறான ஓர் ஏற்பாடும் நடந்திருக்கிறது. லண்டனுக்கு மூன்றாவது விமான நிலையம் எங்கே என்று 1968இல் அமைத்த ராஸ்கில் ஆணையம், தெரிவான நான்கு இடங்களுக்கும் போய் அந்தந்த வட்டாரத்திலேயே மக்களைக் கேட்டது. கடைசியில் அரசு ஆணையத்தின் பரிந்துரையை விட்டுவிட்டு வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்தது, 1974இல் அதையும் கைவிட்டது என்பது வேறு கதை. முடிவு எப்படிப் போனாலும், விமானம் யார் தலைக்கு மேலே பறக்கப்போகிறதோ அவர்கள் பக்கத்து ஊர் ஹாலுக்கே நடந்து போய்ப் பேச முடிந்தது.

எங்களுக்கு அவ்வளவு பெரிய கவலை இல்லை. தெருவுக்குள்ளேயே தேடினேன். தேவாலய ஹால் அருமையாக இருந்தது: திட்டச் சாலையிலிருந்து ஆறு நிமிட நடை, படியில்லாத வாசல், நல்ல வெளிச்சம். பாதிரியார் தேநீர் கொடுத்து, எல்லா நாளும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்து ஆட்சேபகர்கள் பட்டியலைப் பார்த்தால் பதினான்காவது பெயர் அந்தத் தேவாலயம். கார் நிறுத்தத்தின் அந்த மூலை! அவர்கள் நடுநிலையாகத்தான் இருந்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கவுன்சில் அரங்கம் கூடாது என்றால் இதுவும் கூடாது. மனு கொடுத்தவர்களின் பட்டியலையும் நில உரிமையாளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஹால் தேட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஹாலின் அறங்காவலர் குழுவில் யார் யார் என்று கேட்பதையும் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது ஒரு பழைய நூலகக் கட்டடம். சக்கர நாற்காலிக்கு வழி இருக்கிறது என்று குறிப்பில் போட்டிருந்தது. போய்ப் பார்த்தேன். முன்வாசலில் ஏழு படி. சாய்தளம் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, உள்ளிருந்து ஒருவர் வந்து பூட்டைத் திறந்தால்தான். ஆட்சேபகர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். தன் வீட்டு வாசலில் நடைபாதை குறுகினால் எப்படித் திரும்புவது என்பதுதான் அவர் மனுவே. அவரைக் குப்பைத் தொட்டி வழியாக வரச் சொல்லிவிட்டு, நாங்கள் முன்வாசலில் பெட்டிகளோடு ஏறிப் போவதா? பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் அமைந்தது ஒரு தொழிலாளர் கிளப். வேலை முடிந்து பீர் குடிக்க, பிங்கோ ஆட, கல்யாண விருந்து வைக்க என்று இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் இருக்கும் வகை. தரைத்தளம், பெரிய ஹால், பஸ் நிறுத்தம் வாசலில், விசாரணையில் உள்ள யாருடைய இடமும் இல்லை. மேலாளர் முகத்தைச் சுளித்தார். “பீர் வாடையில் விசாரணையா?” எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பிற்பாடு 2017இல், வேல்ஸில் நியூபோர்ட்டைச் சுற்றி எம்4 விரைவுச்சாலைக்கு மாற்றுச் சாலை போடும் திட்டத்துக்கான விசாரணையை லைசாட் இன்ஸ்டிட்யூட்டில் நடத்தினார்கள். அது அந்த ஊர் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்காக 1928இல் திறந்த கட்டடம். ஓராண்டுக்கும் மேலாக, 83 நாள் அங்கே உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் திட்டத்துக்கு ஆதரவாக எழுதினார். 2019 ஜூனில் வேல்ஸ் முதல்வர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தியை மேலாளருக்கு அனுப்பி வைத்தேன். பதில் வரவில்லை.

இடம் முடிவானதும் அவசரம் தொடங்கியது. நில எடுப்பு விசாரணைக்குக் குறைந்தது 42 நாள் முன்னதாக நாளும் நேரமும் இடமும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 14 நாள் முன்னதாக அந்த நிலத்துக்கு அருகே தெரியும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும், உள்ளூர் செய்தித்தாளில் போட வேண்டும். அச்சான பிறகு ஹால்காரர் “அந்த வியாழன் மட்டும் முடியாது” என்றால், அவ்வளவு பேருக்கும் மறுபடி சொல்ல வேண்டும். அதனால் கிளப்பின் டைரியை நானே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். புதன் மாலை பிங்கோ. வெள்ளி மாலை பாட்டு. பகல் முழுக்க நமக்கு. ஆவணங்களை இரவில் அங்கேயே வைத்துப் பூட்ட ஓர் அறை. எங்களிடம் கனத்த ஃபைல்கள் அறுபதுக்குமேல். தினமும் கட்டி, தினமும் பிரித்தால் இரண்டு ஆளின் வேலை அதிலேயே போய்விடும். ஒரு வாரம் கூடுதலாகவும் தற்காலிகமாகப் பதிந்து வைக்கச் சொன்னார் புரோகிராம் ஆபீசர். செலவு என்று மேலாளர் வெட்டிவிட்டார். அதற்கான கூலி பின்னால் வந்தது.

நாற்காலி போடுவதில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஹாலின் ஒரு கோடியில் மேடை, மேலே சுழலும் கண்ணாடி உருண்டை. இன்ஸ்பெக்டர் மேஜையை மேடையில் போட்டேன். புரோகிராம் ஆபீசர் கீழே இறக்கச் சொன்னார். மேடையில் உட்கார்ந்தால் தீர்ப்பு சொல்ல வந்த சாமி மாதிரி இருக்கும் என்பது அவர் கருத்து. இன்ஸ்பெக்டருக்கு முன்னால் இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் ஆட்சேபகர்கள், இருவருக்கும் ஒரே அகல மேஜை, ஒரே நாற்காலி. எங்கள் பாரிஸ்டருக்கு மட்டும் மெத்தை நாற்காலி எடுத்து வைத்திருந்தேன், அதுவும் போனது. சாட்சி மேஜையைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டால்தான் பேசுகிறவரின் முகம் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், பொதுமக்களுக்கும் தெரியும். நேராகப் போட்டால் மக்கள் மூன்று வாரமும் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாமதமாக வருபவர் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் குனிந்து ஓடாமல் இருக்க, வாசல் பின்னால் இருக்க வேண்டும். பெரிய வரைபடத்தை விரித்துக் கையை ஊன்றிப் பார்க்க ஒரு தனி மேஜை. ஆவணங்களை யார் வந்தாலும் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை, பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு தனியறை கண்டிப்பாக வேண்டும். இது வசதிக்காக இல்லை. மதியம் அவர் டீ வரிசையில் எங்கள் பாரிஸ்டருக்குப் பின்னால் நின்று “மழை விடாது போல” என்று சொன்னால்கூட, தோட்டத்தை இழக்கப்போகிறவர் கண்ணுக்கு அது மழைப் பேச்சாகத் தெரியாது. எங்களுக்கு வந்தவர் மூன்று வாரமும் வீட்டிலிருந்து சாண்ட்விச் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

1970களின் நடுவில் இந்த நாட்டில் சாலை விசாரணைகள் அமளியில் நின்றுபோன காலம் ஒன்று உண்டு: ஏர் பள்ளத்தாக்குச் சாலை, லண்டனின் ஆர்ச்வே, வின்செஸ்டர் அருகே எம்3 விரைவுச்சாலை. 1976இல் வின்செஸ்டரில் வெளியேற்றப்பட்டவர்களில் அந்த ஊர்ப் புகழ்பெற்ற பள்ளியின் தலைமையாசிரியரும் ஒருவர். சாலை வேண்டுமா என்றே கேட்க விடாமல், எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள் என்பதுதான் கோபம். நாற்காலி வரிசை சரியாக இருந்திருந்தால் அதெல்லாம் நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள் என்ற நினைப்போடு உள்ளே வருகிறவருக்கு, அந்த அறை எதையும் கூடுதலாக நிரூபித்துக் காட்டிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் நாள் காலை பத்து மணி. இன்ஸ்பெக்டர் தொடக்க உரையை ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் நிறுத்தினார். “அது என்ன சத்தம்?”

எல்லோரும் காதைத் தீட்டினோம். ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில் ஓர் ரீங்காரம். பக்கத்து பாரின் பீர் குளிரூட்டி. நான் ஹாலை மூன்று தடவை பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நானும் கிளப் மேலாளரும் பேசிக்கொண்டே நின்றதால் கேட்கவில்லை. காலி ஹாலில் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். கிளப் மேலாளரிடம் ஓடினேன். அணைத்தால் பீர் கெட்டுவிடும் என்றார். பேரம் நடந்தது. காலை பத்திலிருந்து ஒன்றுவரை அணைப்பது, மதிய இடைவேளையில் ஓட விடுவது, மறுபடி இரண்டிலிருந்து ஐந்துவரை அணைப்பது. மூன்று வாரமும் நான் இன்ஸ்பெக்டருக்குத் தலையாட்டிவிட்டுப் போய் பீர் மெஷினின் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தேன். பொறியியல் படித்ததற்கு வேலை கிடைத்தது.

ரீங்காரம் நின்றதும் இன்னொரு குறை வெளியே வந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு மூதாட்டி கையைத் தூக்கி, ஒன்றும் கேட்கவில்லை என்றார். சுவரில் காதுக்கருவிக்கான லூப், அதாவது மைக்கின் ஒலியை நேரே காதுக்கருவிக்கு அனுப்பும் கம்பி வளையம், இருப்பதாகப் படம் ஒட்டியிருந்தது. அவரும் தன் கருவியை அதற்கான நிலையில் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பார்த்தால் லூப்பின் ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைச் செருகியிருந்தார்கள். படம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து நான் சரிக்குறி போட்டிருந்தேன். இப்போதெல்லாம் காதுக்கருவி அணிந்த ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய், ஹாலின் நான்கு மூலையிலும் உட்கார வைத்து, நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாம் சரியானது. ஆனால் ஹால் காலியாகவே இருந்தது. நூற்றுக்கும் மேல் மனு வந்திருக்க, முதல் வாரம் பொதுமக்கள் வரிசையில் ஒரு நாள் ஒன்பது பேர், ஒரு நாள் நான்கு பேர். எதிர்ப்பு அடங்கிவிட்டது என்று மேலாளர் மகிழ்ந்தார்.

சாலையின் நடுவில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் மூலைக்கடை இருந்தது. அவர் கடை முன்வாசலில் ஒரு கீற்றும் எங்கள் வரைபடத்தில் சிவப்பாக இருந்தது. மாலையில் பால் வாங்கப் போகும்போது கேட்டேன், ஏன் அண்ணை விசாரணைக்கு வரவில்லை?

“தம்பி, இன்ஸ்பெக்டர் எண்டால் பொலிசோ எண்டு முதலில பயந்திட்டன். பிறகு மகள் விளங்கப்படுத்தினாள். சரி, பத்து மணிக்கு எண்டு போட்டிருக்கு. கடையைப் பூட்டிப்போட்டு எப்பிடி வாறது? அங்க வாறவையெல்லாம் பென்சன்காரர்தான்.”

ஹாலை அவ்வளவு பாடுபட்டுத் தேடிய நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பகலில் பத்திலிருந்து ஐந்துவரை திறந்திருக்கும் இடம், பகல் முழுக்க உழைப்பவருக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தால் என்ன?

அண்ணையை அப்படியே புரோகிராம் ஆபீசரின் எண்ணுக்குப் போன் செய்யச் சொன்னேன். நான் கவுன்சில் ஆள். அவருக்காக நான் கேட்பது முறையில்லை. அவர் கேட்டார், இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள், இன்ஸ்பெக்டர் ஒரு மாலை அமர்வுக்குச் சம்மதித்தார். புதன்கிழமைதான் அவருக்குச் சரிப்பட்டது. புதன்கிழமை பிங்கோ! பிங்கோவை நிறுத்தச் சொன்னால் கிளப் மொத்தமும் ஆட்சேபகர் ஆகிவிடும். அப்புறம் சாலையின் மறுகோடியில் இருந்த ஆரம்பப் பள்ளியில், மாலை ஆறரைக்கு. பெரிய நாற்காலி போதாமல் பாதிப் பேர் குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு பேர். வேலை உடுப்போடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், மூன்று டாக்சி ஓட்டுநர்கள்.

அண்ணை ஒரு காலி பால் கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சாட்சி மேஜையில் அதை வைத்து, காலை ஐந்தரைக்கு வரும் வேன் எங்கே நிற்கும், இது மாதிரி எத்தனை கூடை இறங்கும், பஸ் தடம் வந்தால் வேன் எங்கே நிற்க வேண்டும், அங்கிருந்து இதைத் தூக்கிக்கொண்டு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று, நோட்டில் எழுதிவந்ததைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் பாரிஸ்டர் எழுந்து, ஏழு மணிக்கு முன் தடத்தில் வேன் நிற்கலாமே என்றார். அண்ணை, “ஏழு மணிக்கு முந்தி எல்லா நாளும் வருவான் என்று அவனிடம் நீங்கள் எழுதி வாங்கித் தருவீர்களா?” என்றார். பள்ளி ஹால் சிரித்தது. நான் எதிர்ப் பக்கத்தில், எங்கள் வரைபடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார்.

“தம்பி, நீ எந்தப் பக்கம்?” என்று தமிழில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இடத்தைப் பார்வையிடும்போது இன்ஸ்பெக்டர் காலை ஆறு மணிக்குமுன் அந்தக் கடைக்கு எதிரே போய் நின்றிருக்கிறார். அமைச்சர் ஆணையை உறுதி செய்தார், சாலை வந்தது. ஆனால் கடைக்கு அருகே தடம் முப்பது மீட்டருக்கு உள்வாங்கி, வேன் நிற்க ஓர் இடமும் வந்தது. அதை விசாரணை நடக்கும்போதே நாங்களே வரைந்து கொடுத்தோம். அந்த மாலை அமர்வு இல்லாமல் போயிருந்தால் வரைந்திருக்க மாட்டோம்.

எட்டு நாள் என்று போட்டது பதினோரு நாள் ஆனது. கடைசி மூன்று நாள் நாங்கள் பதிந்திருந்த இரண்டு வாரத்துக்கு வெளியே போயிற்று. கிளப் மேலாளர் பகலைக் கொடுத்தார், ஆனால் வெள்ளி இரவு ஒருவரின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து. அலங்காரத்தை நிறுத்த முடியாது என்றார். எங்கள் பாரிஸ்டர் இறுதி வாதத்தை வாசிக்கும்போது அவர் தலைக்கு மேலே “60” என்று வெள்ளி பலூன்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் ஒன்று வெடித்தது. இன்ஸ்பெக்டர் குறிப்பெழுதுவதை நிறுத்தவில்லை. கூடுதல் வாரத்துக்கான பதிவுத் தொகை என்னவோ அந்தப் பலூன் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருந்திருக்கும்.

2020இல் எல்லாம் திரைக்குள் போனபோது, இனி ஹால் தேடும் வேலை ஒழிந்தது என்று சிலர் சொன்னார்கள். கடையிலிருந்தே பேசலாம் என்பது அண்ணை மாதிரியானவர்களுக்குப் பெரிய விஷயம்தான்; இப்போதும் நேரில் வர முடியாதவருக்கு அந்த வழியைத் திறந்து வைக்கச் சொல்கிறேன். ஆனால் பெரிய வரைபடத்தில் விரலை வைத்து “இது என் வாசல்” என்று காட்டுவது திரையில் நடக்கவில்லை. பால் கூடையின் கனமும் தெரியாது. அதனால் ஹால் தேடுவது தொடர்கிறது.

போன மாதம் வேறோர் ஊர் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்தவர், ஒரு பாலத்துக்கான விசாரணை, மேலாளர் “ஒரு ஹால் பார்த்துவிடு” என்றிருக்கிறார். அருமையான இடம் கிடைத்துவிட்டது என்று படங்களை அனுப்பினார். உயரமான ஜன்னல்கள், மரத் தளம், சாய்தளம் முன்வாசலிலேயே. நன்றாகத்தான் இருந்தது. நாளைக் காலை அந்தத் தெருவிலிருந்து பஸ்ஸில் போய்ப் பாருங்கள், முடிந்தால் குழந்தை வண்டி ஒன்றைக் கடன் வாங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் என்றேன். சிரித்தார்.

மறுநாள் ஒன்பது நாற்பதுக்குப் போன் வந்தது. பின்னணியில் காற்றும் மழையும்.

“நிறுத்தத்தில்தான் நிற்கிறேன்” என்றார். “ஒன்பது பத்து பஸ் இன்னும் வரவில்லை.”